இணையத்தளம் இருக்கிறது, நேரடிப் புக்கிங் வரவில்லை: எங்கே உடைப்பு?

இரணைமடுவில் துருசு திறந்து இரண்டு நாளாகியும் கடைசிக் காணிக்குத் தண்ணீர் வராவிட்டால் யாரும் குளத்தைக் குறை சொல்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடப்போம். ஓரிடத்தில் நண்டு துளைத்திருக்கும், இன்னோரிடத்தில் யாரோ மறித்திருப்பார்கள். விடுதியின் இணையத்தளத்தையும் அப்படித்தான் நடந்து பார்க்கவேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் ஆறு அறை, பத்து அறை வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தம்பி, கூகுளில விளம்பரம் போட எவ்வளவு முடியும்?" என்பதுதான். அது குளத்துக்கு இன்னும் தண்ணீர் கேட்பது. உங்கள் விடுதியின் பெயரைச் சொல்லியே தேடுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் போன ஆடியில் வந்து நின்றுவிட்டுப் போய்ச் சொன்னதைக் கேட்டுத் தேடுகிறார்கள். தேடியவர்கள் பாதி வழியில் உங்கள் தளத்தைக் காணாமல், கண்டாலும் திறக்காமல், திறந்தாலும் விலை தெரியாமல் புக்கிங் டொட் கொம், அகோடா போன்ற முன்பதிவுத் தளங்களில் போய் அறை எடுக்கிறார்கள். 10,000 ரூபா அறைக்கு 15 வீதக் கொமிஷன் என்றால் 1,500 ரூபா உங்களிடமிருந்து போகிறது. அதுவும் உங்களையே தேடி வந்த ஒருவருக்காக.

அந்தத் தளங்களை நான் பகையாகப் பார்க்கவில்லை. வன்னி எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஒரு ஜேர்மன்காரரை உங்கள் படலைக்குக் கொண்டுவர அவர்களால் முடியும், அதற்குரிய கூலியை அவர்கள் எடுக்கட்டும். தெரிந்த ஆளுக்கும் கூலி கொடுப்பதைத்தான் நிறுத்தவேண்டும்.

தொடங்குமுன் ஒரு வேலை. உங்கள் சொந்த போனில், விடுதி வைபையில் சோதிக்காதீர்கள். நீங்கள் அடிக்கடி பார்க்கிற தளம் என்பதால் அது உங்களுக்கு எப்போதும் வேகமாகத் திறக்கும், கூகுளும் அதை மேலே காட்டும். வேறொருவருடைய போனை வாங்கி, மொபைல் டேட்டாவில், தேடல் வரலாறு பதியாத தனி ஜன்னலில் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லி, அவர் திரையில் தெரிவதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

"பெயரைப் போட்டுத் தேடினாலும் எங்கள் தளம் வரவில்லை"

கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதுங்கள். ஒரு பக்கமும் வரவில்லையென்றால் கூகுளின் புத்தகத்தில் உங்கள் பெயரே பெரும்பாலும் பதியப்படவில்லை. வேர்ட்பிரஸில் செய்த தளமானால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு கட்டம் அங்கே இருக்கும். தளத்தைச் செய்துகொண்டிருக்கும்போது அதில் சரி போட்டு வைப்பார்கள், வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். சரியை எடுத்துவிட்டு, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தருகிற சேர்ச் கொன்சோலில் தளத்தைப் பதிந்து, முகப்புப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கோருங்கள். சில நாட்களில் வரலாம், சில கிழமைகளும் எடுக்கலாம்.

பக்கங்கள் பதிந்திருக்கின்றன, ஆனால் தமிழில் தேடினால் மட்டும் வரவில்லை என்றால் பாமினி என்ற பழைய எழுத்துருவைச் சந்தேகியுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய தளங்கள் பலவற்றில் இந்தப் பிழையைக் கண்டிருக்கிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் கண்ணுக்குத்தான் தமிழ். 'வன்னி' என்று தெரிகிற சொல் உள்ளே ஆங்கில ரீ, டீ, ஓர் அரைப்புள்ளி, மறுபடி டீ, பீ என்று கிடக்கும். கூகுள் வாசிப்பது அதைத்தான். முல்லைத்தீவில் தங்குமிடம் என்று ஒருவர் தேடினால் அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் அகப்படாது. முழு எழுத்தையும் கூகுளும் தமிழாகவே வாசிக்கிற யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்தவேண்டும், கொம்புகளும் றகரங்களும் சிலவேளை இடம் மாறிவிடும். அழகாக இருக்கட்டும் என்று முகவரியையும் விலையையும் ஒரு படமாகவே போட்டிருந்தாலும் நிலைமை இதுதான், தேடலில் அது எழுத்தாக நிற்காது.

இன்னொன்று, ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். முல்லைத்தீவை ஒரு ரீ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ரீ போட்டும், ரீயோடு எச் சேர்த்தும் எழுதுகிறார்கள். கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஆனாலும் 'எப்படி வருவது' என்ற பக்கத்தில் இரண்டு வடிவமாவது இயல்பாக வந்துபோகட்டும்.

தளம் வருகிறது, ஆனால் அதற்கு மேலே உங்கள் விடுதியின் பெயரோடு முன்பதிவுத் தளம் ஒன்றின் விளம்பரம் நிற்கிறதா? விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஓரிடத்தில் மட்டுமே. உங்கள் பெயருக்கு மட்டும் ஒரு சிறு விளம்பரம் போடுங்கள், நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து. சொந்தப் பெயர் என்பதால் ஒரு கிளிக்குக்கு உங்களுக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் போகும்.

"கூகுள் மெப்பில் எங்களைச் சாப்பாட்டுக் கடை என்று காட்டுகிறது"

எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் கொத்துரொட்டி போடுகிற இடம். படுத்தெழும்ப லொட்ஜ், கெஸ்ற் ஹவுஸ், விடுதி. கூகுளுக்கு ஹோட்டல் என்றால் தங்குமிடம் மட்டுமே. கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே அறைகளும் வைத்திருப்பவர்கள் ஒரே பதிவில் இரண்டையும் போட்டு, முதல் வகையாக உணவகத்தைத் தெரிவுசெய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் திகதி போட்டு அறை விலை பார்க்கிற பெட்டி உங்கள் பதிவில் வராது. அந்தப் பதிவைத் திருத்துகிற கூகுள் பிஸ்னஸ் புரொபைலில் முதல் வகையைத் தங்குமிடத்துக்குரியதாக மாற்றுங்கள். சாப்பாட்டுக் கடைக்குத் தனிப் பெயரும் தனி வாசலும் இருந்தால் அதற்கு வேறு பதிவு வையுங்கள்.

அதே பதிவில் இணையத்தள முகவரி என்ன போட்டிருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு விடுதியில் அது ஒரு முன்பதிவுத் தளத்தின் பக்கத்துக்கே போனது. யாரோ உதவி செய்ய வந்தவர் போட்டுவிட்டார். மாதக்கணக்காக உரிமையாளரே தன் விருந்தினரைக் கையைப் பிடித்துக் கொமிஷனுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

புள்ளி வைத்திருக்கும் இடமும் முக்கியம். "கரடிப்போக்குச் சந்தியால திரும்பி, இரண்டாவது ஒழுங்கை" என்பது எங்களுக்குப் போதும். கட்டுநாயக்காவிலிருந்து இரவோடிரவாக ஓடி விடியப்புறம் வந்து சேருகிற வான் சாரதிக்குப் போதாது. வீட்டிலக்கம் சரியாக இல்லாத ஒழுங்கைகளுக்கு கூகுள் மெப் தருகிற பிளஸ் கோட் என்ற சிறு இடக் குறியீடு நல்ல வழி. புள்ளியைப் படலைக்கு மேலேயே வைத்து, அந்தக் குறியீட்டைத் தளத்திலும் எழுதிவிடுங்கள்.

2021 மார்ச் முதல் கூகுள் தன் ஹோட்டல் தேடலில் இலவச முன்பதிவு இணைப்புகளைக் காட்டுகிறது. புக்கிங் டொட் கொம்மின் விலைக்குப் பக்கத்தில் உங்கள் சொந்தத் தளத்தின் விலையும் நிற்கலாம், கிளிக்குக்குக் காசில்லை. அதற்கு உங்கள் தளத்தில் அறை இருப்பையும் விலையையும் கூகுளுக்கு அனுப்பக்கூடிய முன்பதிவு மென்பொருள் இருக்கவேண்டும். அப்படியொன்றை வாங்குமுன் விற்பவரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "கூகுள் இலவச இணைப்புக்கு விலை போகுமா?" என்பதே.

"ஆட்கள் வருகிறார்கள், உடனே போய்விடுகிறார்கள்"

பெரும்பாலும் படங்களின் பாரம். கமெராவிலிருந்து இறக்கிய 5, 6 மெகாபைட் படங்களை அப்படியே ஏற்றியிருப்பார்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு, மொபைலுக்கான கணக்கைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவு. படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றி 200 கிலோபைட்டுக்குள் கொண்டுவாருங்கள். தானாக ஓடும் ட்ரோன் வீடியோவை எடுத்துவிடுங்கள். முதல் திரையில் 'உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்பதற்குப் பதிலாக ஊர், விலை எவ்வளவிலிருந்து, போன் எண், திகதி பார்க்கும் பொத்தான், இவ்வளவும் இருந்தால் போதும்.

"அறைகளைப் பார்க்கிறார்கள், திகதியும் போடுகிறார்கள், அங்கேயே விட்டுவிடுகிறார்கள்"

இதுதான் பெரிய உடைப்பு. அறை தேவைப்பட்டு, உங்களைக் கண்டுபிடித்து, கடைசிப் படியில் நின்று திரும்பிப் போகிற ஆள் இவர். இவரைத் திருப்பியது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

விலை இருக்கிறதா? 'விலைக்குத் தொடர்புகொள்ளவும்' என்று எழுதியிருந்தால் அதுதான் காரணம், மேலே தேடவேண்டாம். எல்லாருக்கும் ஒரே விலை சொல்ல முடியாது என்பதால் அப்படி எழுதுவதாகச் சிலர் சொல்கிறார்கள். உள்ளூருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு. லண்டனில் இருந்து வருகிறவர் இங்கே விசுவமடுவிலோ ஒட்டுசுட்டானிலோ பிறந்தவர். முன்வாசலில் கடவுச்சீட்டைப் பார்த்ததும் விலை மாறினால் அவர் காசைக் கொடுப்பார், ஆனால் மனம் முறிந்துதான் போவார், அடுத்தமுறை வரமாட்டார். இரண்டு விலை வைப்பது உங்கள் முடிவு. வைத்தால் யாருக்கு எது என்று தளத்திலேயே திறந்து எழுதுங்கள். வரியும் சேவைக் கட்டணமும் கடைசித் திரையில் திடீரென ஏறக்கூடாது, முதல் விலையிலேயே சேர்த்துக் காட்டுங்கள்.

அதே அறை முன்பதிவுத் தளத்தில் மலிவாக இருக்கிறதா? பலருக்கு இது தெரியாமலே நடக்கிறது. புக்கிங் டொட் கொம்மின் ஜீனியஸ் தள்ளுபடி, மொபைல் தள்ளுபடி என்று ஒருநாள் சரி போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். ஜீனியஸின் முதல் படியிலேயே 10 வீதம் போகிறது, அது உங்கள் பக்கத்திலிருந்துதான் கழிகிறது. விருந்தினர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். உங்கள் தளத்தில் 10,000, அங்கே 9,000 என்றால் அவர் உங்கள்மேல் எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும் அங்கேதான் போவார். அந்த 9,000இலும் 15 வீதம் போக உங்கள் கைக்கு வருவது 7,650 ரூபா. நேரடியாக வருகிறவருக்கு 9,000இற்கே கொடுத்திருந்தால் 1,350 ரூபா மிச்சம்.

தளத்தில் வெளிப்படையாக விலையைக் குறைக்குமுன் நீங்கள் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தில் சமவிலை நிபந்தனை, அதாவது அவர்கள் தளத்தைவிட உங்கள் தளத்தில் மலிவாகக் காட்டக்கூடாது என்பது, இருக்கிறதா என்று வாசியுங்கள். இருந்தால் விலையை ஒன்றாக வைத்துக்கொண்டு வேறு ஏதாவது கொடுங்கள். காலையில் இடியப்பமும் சொதியும் சேர்ந்தது என்று சொல்லலாம். யாழ்தேவியில் வந்து இறங்குகிறவரைக் கிளிநொச்சி ஸ்டேஷனில் போய் ஏற்றிவரலாம். கோயிலுக்குப் போய் வந்து குளித்துவிட்டுப் பின்னேரம் புறப்பட அறையைக் கொஞ்சநேரம் கூடத் தரலாம். இவை உங்களுக்குச் சிறு செலவு, அவருக்குப் பெரிய உதவி. ஆனால் விலைக்குப் பக்கத்திலேயே எழுதவேண்டும். 'சலுகைகள்' என்ற தனிப் பக்கத்தில் ஒளித்துவைத்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

அடுத்து, அவர் மனதில் இருக்கும் கேள்விகளுக்கு அறைப் பக்கத்தில் விடை இருக்கிறதா? வெளிநாட்டுத் தளங்களைப் பார்த்து எழுதிய பட்டியல் இங்கே உதவாது. வன்னிக்கு வருகிறவர் கேட்பவை வேறு. வான் சாரதிக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா? அம்மம்மாவுக்கு முழங்கால் ஏலாது, கீழ்த்தள அறை இருக்கிறதா? கொமோட் வைத்த குளியலறையா? கரண்ட் நின்றால் ஜெனரேட்டர் மின்விசிறியை மட்டும் ஓட்டுமா, ஏசியையுமா? நுளம்பு வலை? விரதகாரருக்குச் சமையலறையில் தனிப் பாத்திரமா? நள்ளிரவில் வந்தால் படலை திறப்பார்களா? தொலைபேசியில் திரும்பத்திரும்பக் கேட்கிற இந்தக் கேள்விகளை ஒரு மாதம் கொப்பியில் எழுதி வாருங்கள். அந்தக் கொப்பிதான் உங்கள் அறைப் பக்கத்துக்கான எழுத்து.

"எல்லாம் நிரப்பிவிட்டு, காசு கட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது"

நீங்களே சிறு தொகை போட்டு ஒருமுறை கட்டிப் பாருங்கள், பிறகு வெளிநாட்டுக் காட் ஒன்றினாலும் முயற்சிக்கச் சொல்லுங்கள். பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர்க் கட்டண வாயில்களில் வெளிநாட்டுக் காட்டுகளை ஏற்கும் வசதியைத் தனியாகத் திறக்கவேண்டியிருக்கலாம், கேட்டு உறுதிசெய்யுங்கள். உள்ளூர் விருந்தினருக்கு லங்கா கியூஆர் போதும். காட் தொடர்ந்து மறுக்கப்பட்டால் முழுக் காசையும் முன்கூட்டிக் கேட்பதை விட்டு, ஓர் இரவுக்கு மட்டும் கட்டண இணைப்பு அனுப்புங்கள். காட்டின் எண்ணைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லவே வேண்டாம், அது அவருக்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து.

"வட்ஸ்அப் பொத்தான் வைத்தோம், ஒருவரும் எழுதவில்லை"

இணைப்புக்குள் எண் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 077 என்று தொடங்கினால் அது வேலை செய்யாது. முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 போட்டு எழுதவேண்டும், கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல். தொட்டால் அழைப்புப் போகிற போன் இணைப்புக்கு மட்டும் +94 வேண்டும். இரண்டு நிமிட வேலை. இந்தப் பிழையால் ஒரு முழு ஆடி மாதத்தை இழந்த விடுதியை எனக்குத் தெரியும்.

எழுதுகிறார்கள் ஆனால் எடுப்பதில்லை என்றால் பதில் போகிற நேரத்தைப் பாருங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே வேலை முடித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, இரவு 9 மணிக்கு ஒருவர் எழுதினால் இங்கே காலை 6.30. பாரிசில் இரவு 8 என்றால் இங்கே 11.30. முதலாமவருக்கு ஏழு மணிக்குள் பதில் போகவேண்டும், பத்து மணிக்குப் போனால் அவர் நித்திரை, விடிந்ததும் வேறிடம் பார்த்துவிடுவார். இரண்டாமவருக்கு வட்ஸ்அப் பிஸ்னஸின் தானியங்கிப் பதில் போகட்டும். அதில் விலையும், திகதி பார்க்கும் இணைப்பும், காலையில் எத்தனை மணிக்குப் பேசுவோம் என்பதும் இருக்கவேண்டும்.

"நேரடியாகவும் எடுத்தார்கள், முன்பதிவுத் தளத்திலும் எடுத்தார்கள், ஒரே அறை"

அறைகள் பத்துக்கு மேல் என்றால் எல்லாத் தளங்களிலும் அறை இருப்பை ஒன்றாக மாற்றுகிற சனல் மனேஜர் மென்பொருள் வாங்குங்கள். குறைவு என்றால் தளங்களின் நாட்காட்டிகளை இணைக்கிற ஐகால் இணைப்பு போதும் என்பார்கள், ஆனால் அது உடனுக்குடன் மாறாது, சிலவேளை மணித்தியாலங்கள் பிந்தும். ஆறு அறைக்காரருக்கு நான் சொல்வது, ஓர் அறையை எந்த முன்பதிவுத் தளத்திலும் போடாமல் நேரடிக்கென்றே வைத்திருங்கள்.

திருவிழா நாட்களில் இன்னும் துணிவாக இருக்கலாம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும் பக்கத்து ஊர்களில் அறை எப்படியும் நிரம்பும். அந்த இரவுகளை முன்பதிவுத் தளங்களில் முன்கூட்டியே மூடிவிட்டு உங்கள் இணையத்தளத்தில் மட்டும் திறந்து வைத்தால் என்ன? போன வருடம் வந்தவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு செய்தி போட்டால் போதும்.

"திருவிழா போனால் தளத்துக்கு ஒருவரும் வருவதில்லை"

உங்கள் தளத்தில் அறையைத் தவிர வாசிக்க ஒன்றுமில்லை, அதனால்தான். ஏ9 வீதியால் போகிறவர் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விடுகிறார். அவர் ஓரிரவு நிற்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை உங்களைவிட நன்றாக எழுத யாருமில்லை. மாரியில் சுண்டிக்குளத்துக்குப் பூநாரை பார்க்க எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும், எந்த வழி சேறு. மாங்குளத்தால் ஏ34இல் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டு முல்லைத்தீவுக் கடலைப் பார்த்துவிட்டு, ஏ35இல் புதுக்குடியிருப்பால் பரந்தனுக்குத் திரும்புகிற ஒருநாள் சுற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், நீங்கள் எடுத்த படங்கள், பக்கத்தின் அடியில் அறை பார்க்கும் பொத்தான்.

ஒரு விடயம் மட்டும் பொறுத்துச் செய்யுங்கள். மே 18ஐ ஒட்டி முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்ற வருகிறவர்கள் உண்டு. அந்த நாளை விளம்பரமாகவோ பொதியாகவோ ஆக்கவேண்டாம். வழியும், படலை திறக்கும் நேரமும், வெள்ளெனத் தேத்தண்ணி உண்டு என்பதும் எழுதினால் போதும்.

"தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்றே தெரியவில்லை, எப்போதும் பூச்சியம்"

பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 யூலை 1இலிருந்து புதிதாக எண்ணுவதை நிறுத்திவிட்டது. பழைய குறியீடே தளத்தில் இருந்தால் பூச்சியம்தான் வரும். புதிய 4ஆம் பதிப்பைப் போட்டு, வட்ஸ்அப் பொத்தானைத் தொட்டது, போனைத் தொட்டது, திகதி பார்த்தது, காசு கட்டியது என்ற நான்கையும் தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். எந்தப் படியில் ஆட்கள் குறைகிறார்களோ அந்தப் படியைப் பற்றி மேலே சொன்ன பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

அந்தக் குறியீட்டைப் போடத் தளத்துக்குள் நுழையும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், தள முகவரி யார் பெயரில் பதிந்திருக்கிறது? தளம் செய்து தந்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் இருந்தால், அவர் வெளிநாடு போன அன்றைக்கு உங்கள் முகவரியும் போகும். என் உறவினர் ஒருவரின் விடுதிக்கு அப்படி நடந்து, அச்சடித்த அட்டையெல்லாம் வீணாகிப் புதுப் பெயரில் தொடங்கவேண்டி வந்தது. இன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், புதுப்பிக்கும் திகதியை நாட்காட்டியில் குறியுங்கள்.

எந்த மென்பொருளாலும் எண்ண முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது, தெரிந்தவர் சொல்லி வருகிறவர்கள். அதற்கு வரவேற்பு மேசையில் இருக்கும் பதிவுப் புத்தகத்திலேயே ஒரு நிரல் கூடப் போடுங்கள். திறப்பைக் கொடுக்கும்போது, "அண்ணை, எங்கட இடத்தை எப்பிடிக் கேள்விப்பட்டனீங்கள்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள்.